நீலகிரியில் ஹஸ்கிக் குட்டி: வாங்கும் முன்பிருந்து முதல் ஆண்டு வரை

“குளிர் ஊர்தானே, ஹஸ்கிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் ஏது?” கோத்தகிரியில் சைபீரியன் ஹஸ்கி இன நாய் வளர்க்கும் என்னிடம் பார்ப்பவர்கள் எல்லோரும் சொல்வது இதுதான். விற்பவர்களும் இதைச் சொல்லித்தான் விற்கிறார்கள். குளிர் ஹஸ்கிக்குத் தொல்லை தருவதில்லை என்பது உண்மை. தொல்லைகள் வேறு. வாரக்கணக்கில் காயாத ஈரம், இரவில் வாசல் வரை வரும் சிறுத்தை, வேலி நிற்காத சரிவு நிலம், மலை இறங்கினால் மட்டுமே கிடைக்கும் அவசர மருத்துவம். இவற்றை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. விசாரித்தும் அலைந்தும் திணறியும் தெரிந்துகொண்டதை, உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக வரிசையாக எழுதுகிறேன். கொடைக்கானலில் இருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

1. குட்டியைப் பார்க்கும் முன் வீட்டைப் பாருங்கள்

பனியில் நெடுந்தூரம் வண்டி இழுப்பதற்காக உருவான இனம் ஹஸ்கி. வளர்ந்த ஆண் நாய் 20 முதல் 27 கிலோ, பெண் நாய் 16 முதல் 23 கிலோ எடை இருக்கும். ஆயுள் 12 முதல் 14 ஆண்டுகள். வளர்ந்த பிறகு நாள்தோறும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல், முடிந்தால் இரண்டு மணி நேரம் நடக்கவோ ஓடவோ வேண்டும். அது கிடைக்காவிட்டால் கதவைப் பிறாண்டும், மெத்தையைக் கிழிக்கும், தோட்டத்தைத் தோண்டும், மணிக்கணக்கில் ஊளையிடும். காலையில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போய் மாலையில் திரும்பும் வீடு என்றால் தயவுசெய்து இந்த இனத்தை வாங்காதீர்கள்.

எஸ்டேட் பங்களாவுக்குக் காவல் வேண்டும் என்று ஹஸ்கி தேடுபவர்களும் இருக்கிறார்கள். ஹஸ்கி புதியவர்களைக் கண்டால் வாலாட்டும். காவலுக்கு அது உதவாது.

வாடகை வீடாக இருந்தால் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச் சம்மதம் முதல் ஊளை வரைக்கும்தான் நிற்கும்.

அடுத்தது வேலி. தேயிலைச் செடி வரிசையோ ஹைட்ராஞ்சியாப் புதரோ ஹஸ்கிக்கு வேலி ஆகாது. ஆறடி உயரக் கம்பிவலை வேண்டும். அதன் அடிப்பகுதி குறைந்தது ஒரு அடி மண்ணுக்குள் இறங்கியிருக்க வேண்டும். தாண்டத் தெரியாத ஹஸ்கி தோண்டும், தோண்ட முடியாதது தாண்டும். நம் ஊர்ச் சரிவில் இன்னொரு சிக்கல் உண்டு: மேல்புறத்து மண்மேட்டில் ஏறி நின்றால் ஆறடி வேலி மூன்றடி ஆகிவிடும். மேல்புறத்தில் உயரத்தைக் கூட்டுங்கள். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் கம்பங்களின் அடிமண் அரித்திருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டுச் சிறு முற்றத்துக்கே வேலிச் செலவு முப்பதாயிரம் ரூபாயைத் தாண்டியது. குட்டியின் விலையைக் கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துப் போடுங்கள்.

2. விற்பவரிடம் கேட்க வேண்டிய காகிதங்கள்

ஹஸ்கிக் குட்டிக்கு 25,000 முதல் 60,000 ரூபாய் வரை என்னிடம் கேட்டார்கள். விலையைப் பேசும் முன் காகிதங்களைப் பேசுங்கள்.

நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகள், 2017-இன்படி, குட்டி விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. விற்கும் முன் அடையாள எண் கொண்ட மைக்ரோசிப்பைத் தோலுக்கு அடியில் பொருத்தி, வயதுக்குரிய தடுப்பூசிகளையும் போட்டிருக்க வேண்டும். ஆகவே நீங்கள் கையில் வாங்க வேண்டியவை: பதிவுச் சான்றின் நகல், 15 இலக்க மைக்ரோசிப் எண், மருத்துவரின் கையெழுத்தும் ஊசிப்புட்டியின் ஒட்டுத்தாளும் உள்ள தடுப்பூசிப் புத்தகம், குடற்புழு மருந்து கொடுத்த தேதிகள், விற்பனை ரசீது. தூய இனம் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கென்னல் கிளப்பின் பதிவுச் சான்றையும் கேளுங்கள். அதில் இருக்கும் மைக்ரோசிப் எண்ணும் குட்டியின் உடலில் ஸ்கேனர் காட்டும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இன்னொரு செய்தியும் தெரிந்திருக்க வேண்டும். 2024-இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் மாநிலத் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று பட்டியலிட்ட 11 இனங்களில் சைபீரியன் ஹஸ்கியும் ஒன்று. அதற்கு நாய் வளர்ப்பவர்களிடமிருந்து எதிர்ப்பும் வந்தது. பணம் கட்டும் முன் மாவட்டக் கால்நடை பராமரிப்புத் துறை அலுவலகத்துக்குப் போய் அன்றைய நிலையைக் கேட்டுவிடுங்கள். அரை நாள் வேலை. பின்னால் வரும் பெரிய தலைவலியை அது தவிர்க்கும்.

விற்பனையில் நடக்கும் ஏமாற்று வேலைகள் சில:

“இறக்குமதிக் குட்டி” என்பார்கள். வணிக நோக்கில் இனப்பெருக்கத்துக்காக நாய்களை இறக்குமதி செய்வதை மத்திய அரசு 2016-இலேயே தடை செய்துவிட்டது. அந்தச் சொல்லைக் கேட்டதும் எழுந்து வந்துவிடுங்கள்.

நீலக் கண்ணுக்குத் தனி விலை சொல்வார்கள். நீலம், பழுப்பு, ஒரு கண் நீலம் மறு கண் பழுப்பு என எல்லாமே இந்த இனத்தில் இயல்பு. கண்ணின் நிறத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம். கண்ணின் நலத்தை விசாரியுங்கள். இளவயதிலேயே கண்புரை வருவது இந்த இனத்தில் அறியப்பட்ட பரம்பரைக் குறை. தாய் தந்தை இரண்டின் கண்ணையும் இடுப்பு மூட்டையும் பரிசோதித்த அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள்.

நீள முடி கொண்ட ‘வுல்லி’ ஹஸ்கியை அரிய வகை என்று விற்பார்கள். நீளமாகக் கலைந்து தொங்கும் முடியை இந்த இனத்தின் தர விதிகள் குறையாகவே கணக்கிடுகின்றன. நம் மலை மழையில் அந்த முடி தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விடாது. கூடுதல் பணம் கொடுத்துக் கூடுதல் வேலையை வாங்காதீர்கள்.

படத்தை அனுப்பி, முன்பணம் கேட்டு, “வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுகிறோம்” என்பவர்களிடம் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். நேரில் போய்த் தாய் நாயைப் பாருங்கள். தாயைக் காட்டத் தயங்குபவரிடம் குட்டி வாங்காதீர்கள்.

3. மலைக்குக் கொண்டுவரும் நாள்

கோவையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வருவதாக இருந்தால் காரில் வருவதே நல்லது. ரயிலில் ஏசி முதல் வகுப்பில் கூப்பே எனும் தனி அறை முழுவதையும் பதிவு செய்தால்தான் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். இரண்டாம், மூன்றாம் வகுப்பு ஏசியிலும் ஸ்லீப்பரிலும் அனுமதி கிடையாது.

வெளியூர் வண்டி என்றால் இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் நுழைவு அனுமதி) எடுத்துவிடுங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயம். நீலகிரிப் பதிவெண் உள்ள வண்டிகளுக்குத் தேவையில்லை. கோடை மாதங்களில் வண்டிகளின் எண்ணிக்கைக்கு வரம்பும் உண்டு. ஏப்ரல், மே வார இறுதியில் வருவதைத் தவிர்த்துவிடுங்கள். தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுவாருங்கள். மாவட்டத்துக்குள் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவரத் தடை இருக்கிறது, சோதனைச் சாவடியில் பிடித்துவிடுவார்கள்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம். கோத்தகிரி 1,800 மீட்டரை ஒட்டியது, உதகை 2,240 மீட்டர். இந்த ஏற்றத்திலும் வளைவுகளிலும் குட்டி வாந்தி எடுக்காமல் வருவது அரிது. புறப்படுவதற்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பே உணவை நிறுத்திவிடுங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். கூண்டில் பழைய துணியும் செய்தித்தாளும் விரித்து வையுங்கள். வழியில் இறக்கிச் சிறுநீர் கழிக்கவிட ஆசை வரும். தடுப்பூசிகள் முடியாத குட்டியை, பல நாய்கள் வந்துபோகும் தேநீர்க்கடை வாசலில் இறக்கினால், குட்டிகளைக் கொல்லும் பார்வோ என்ற வைரஸ் நோயை அழைத்து வருகிறீர்கள். வண்டி நிற்கும்போது தரையில் இறக்காமல் மடியிலேயே வைத்திருங்கள்.

4. முதல் வாரம்

முதல் சில இரவுகள் ஊளையிடும். தாயையும் கூடப்பிறந்தவற்றையும் விட்டு வந்த குட்டி அது. உங்கள் படுக்கை அறையிலேயே கூண்டை வையுங்கள்; தனி அறையில் பூட்டி வைத்தால் ஊளை நீளும். விற்றவர் என்ன உணவு கொடுத்தாரோ அதையே முதல் வாரம் கொடுங்கள். மாற்ற வேண்டுமானால் ஒரு வாரத்துக்குப் படிப்படியாகக் கலந்து மாற்றுங்கள். ஹஸ்கியின் வயிறு சட்டென்று மாறும் உணவைத் தாங்காது.

எழுந்தவுடன், உண்டவுடன், விளையாடியவுடன், இடையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க வெளியே தூக்கிப் போங்கள். கூரை உள்ள ஓர் இடத்தை அதற்கென்று ஒதுக்குங்கள். அடைமழை நாளில் திறந்த புல்வெளிக்குப் பழகிய குட்டி வெளியே இறங்க மறுத்து வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்துவிடும்.

பனிக்காலத்தில் அறையைச் சூடாக்க மூடிய அறைக்குள் கரி அடுப்புக் கணப்பு வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் நிறமோ மணமோ இல்லாத நச்சு வாயு குட்டியையும் கொல்லும், உங்களையும் கொல்லும். ஹஸ்கிக் குட்டிக்குக் காய்ந்த தரையும் காற்று நேராக அடிக்காத மூலையும் போதும், கணப்பே வேண்டாம்.

5. ஊசிகளின் கால அட்டவணை

வந்த மூன்று நாட்களுக்குள் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். டிஸ்டெம்பர் (நாய்களுக்கு வரும் கொடிய வைரஸ் நோய்), பார்வோ, ஈரல் அழற்சி, லெப்டோஸ்பைரா ஆகியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை என 16 வாரம் வரை போட வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதத்தில். அதன்பின் மருத்துவர் சொல்லும் இடைவெளியில், பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை. குடற்புழு மருந்து மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

தனியார் மருத்துவர்களிடம் கூட்டு ஊசி ஒன்றுக்கு 600 முதல் 1,000 ரூபாய் வரை ஆகலாம். வெறிநாய்க்கடி ஊசிக்கு அரசு கால்நடை மருத்துவமனையையோ மருந்தகத்தையோ அணுகுங்கள். ஜூலை 6, செப்டம்பர் 28 ஆகிய நாட்களை ஒட்டி இலவச முகாம்கள் நடப்பதுண்டு. கூட்டு ஊசிக்கு முன்பே தொலைபேசியில் இருப்பைக் கேட்டுக்கொண்டு போங்கள். குளிரூட்டப்பட்டு வர வேண்டிய மருந்து, மலையில் எல்லா நாளும் கையிருப்பில் இருக்காது. தவணை தள்ளிப்போகும் முன்பே சொல்லிவைத்து வாங்க வேண்டும்.

லெப்டோஸ்பைரா ஊசியை இங்கே யாரும் விட்டுவிடக் கூடாது. மழைக்காலத்தில் எலிச் சிறுநீர் கலந்த தேங்கிய நீர் வழியாக வரும் நோய் அது. நாயிடமிருந்து மனிதருக்கும் எலிக்காய்ச்சலாகத் தொற்றும்.

கடைசித் தவணை முடிந்து இரண்டு வாரம் ஆகும்வரை சந்தை, பஸ் நிலையம், பூங்கா எங்கும் தரையில் விடாதீர்கள். கையில் தூக்கிக்கொண்டு போய் வண்டிச் சத்தத்தையும் மனிதர்களையும் காட்டலாம், காட்டவும் வேண்டும்.

விளையாட்டில் குட்டியின் பல்லோ நகமோ பட்டு உங்கள் தோலில் இரத்தம் வந்தால், சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். “வீட்டு நாய்தானே” என்று இருந்துவிடக் கூடாது. அங்கே ஊசி இலவசம்.

6. ஈரம்: மலையில் ஹஸ்கியின் முதல் எதிரி

ஹஸ்கிக்கு இரண்டு அடுக்கு முடி. மேலே நீர் ஒட்டாத நேரான முடி, உள்ளே பஞ்சு போன்ற அடர்த்தியான முடி. வறண்ட பனியில் இந்த உள்ளடுக்குதான் அதைக் காக்கிறது. உதகை, குந்தா, கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பரிலும் இதே உள்ளடுக்குதான் வம்பு செய்கிறது. மேலே தொட்டால் காய்ந்தது போலிருக்கும். விரலை உள்ளே விட்டால் தோல் நசநசவென்று இருக்கும். இரண்டு நாள் அப்படியே விட்டால் வாடை வரும். அடுத்து அரிப்பு வரும். பிறகு ஓரிடத்தில் முடி உதிர்ந்து சிவந்து நீர் வடியும் புண்ணாகிவிடும். வால் அடி, தொடை இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில், விரல் இடுக்கு ஆகிய இடங்களை நாள்தோறும் விரலால் தடவிப் பாருங்கள்.

வெளியே போய்வந்த ஒவ்வொரு முறையும் துவட்டுங்கள். இரண்டு தடித்த துண்டுகள் சுழற்சியில் இருக்கட்டும். மனிதர்கள் முடிக்குப் பயன்படுத்தும் உலர்த்தி இதற்குப் போதாது. நாய்களுக்கென விற்கும் வேகக் காற்று உலர்த்தி 5,000 ரூபாய்க்கு மேல் ஆகும். முதல் மழைக்கு முன்பே வாங்கிவிடுங்கள், வெதுவெதுப்பான காற்றிலேயே வையுங்கள். காற்று மழையில் மரம் விழுந்து மின்சாரம் போகும் ஊர் நம் ஊர். அதனால் துண்டு எப்போதும் கைவசம் இருக்க வேண்டும்.

தரையில் சாக்கு விரித்துப் படுக்க வைக்காதீர்கள். சாக்கு ஈரத்தை இழுத்துப் பூஞ்சை பிடிக்கும். தரையிலிருந்து நாலு விரல் உயர்ந்த மரப்பலகை அல்லது கம்பிக்கட்டில் போடுங்கள். வெயில் எட்டிப் பார்க்கும் போதெல்லாம் விரிப்பை வெளியே போடுங்கள்.

குளியல் ஆண்டுக்கு நான்கு முறை போதும், அதுவும் வெயில் நிச்சயமான நாளில் காலையில். ஆண்டுக்கு இரண்டு தடவை உள்முடி கொத்துக் கொத்தாய்க் கழன்று வரும். அந்த இரண்டு மூன்று வாரம் நாள்தோறும் உள்முடி சீப்பால் வாருங்கள். மற்ற நாட்களில் வாரம் இருமுறை. “கோடைக்கு மொட்டை அடித்துவிடலாம்” என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அந்த முடி வெயிலையும் தடுக்கிறது, மழித்தால் பழையபடி வளராமலும் போகலாம். கண்ணையும் வாயையும் சுற்றிப் பொருக்குத் தட்டினால் பூஞ்சை என்று நீங்களாகக் களிம்பு பூசாதீர்கள். துத்தநாகச் சத்தை உடல் சரியாக ஏற்காத தோல் நோய் ஹஸ்கிகளுக்கு வருவதுண்டு, அதற்கு மருந்து வேறு.

ஈரத்தோடு சேர்ந்து வருவது அட்டை. விரல் இடுக்கில் கடித்திருந்தால் உப்பு போட்டால் விழுந்துவிடும். ஓடை நீரைக் குடித்த நாய்க்கு மூக்குக்குள்ளும் அட்டை ஏறும். ஒரு பக்க மூக்கில் மட்டும் இரத்தம் வந்து அடிக்கடி தும்மினால் உடனே மருத்துவரிடம் போங்கள். உண்ணிக்கு மாத்திரையா சொட்டு மருந்தா என்பதை எடையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும். எதையும் தின்னாமல், ஈறு வெளுத்து, காய்ச்சலுடன் சுருண்டு கிடந்தால் உண்ணிக் காய்ச்சலுக்கு இரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

நீலகிரித் தைலத்தைப் பற்றி ஒரு சொல். சளிக்கும் உண்ணிக்கும் அதைத் தேய்க்கச் சொல்வார்கள். நாய்க்கு அது நஞ்சு. நக்கினால் வாந்தி, தள்ளாட்டம் வரும். விண்டர்கிரீன் தைலமும் அப்படியே. இரண்டையும் குட்டிக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள்.

7. சிறுத்தை

இந்த ஊரில் சிறுத்தைக்கு நாய் எளிய இரை. குன்னூர், கோத்தகிரி, உதகைப் பகுதிகளில் வீட்டு வாசலிலிருந்து நாயைக் கவ்விச் செல்லும் கண்காணிப்பு கேமரா காட்சிகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஹஸ்கிக் குட்டி ஊளையிட்டுத் தான் இருக்கும் இடத்தை ஊருக்கே சொல்லும்.

பொழுது சாய்ந்ததிலிருந்து நன்றாக விடியும் வரை குட்டி வீட்டுக்குள் இருக்க வேண்டும். இதில் விதிவிலக்கே வேண்டாம். திண்ணையில் கட்டிப்போடுவது மிகக் கொடிய முடிவு. கட்டிய நாய் ஓடவும் முடியாது. “பனி நாய், வெளியே கிடந்தால்தான் அதற்குச் சுகம்” என்ற பேச்சு இந்த மலைக்குப் பொருந்தாது. இரவில் சிறுநீருக்கு வெளியே விடத்தான் வேண்டும் என்றால், விளக்கைப் போட்டு, நீங்கள் முதலில் இறங்கி, டார்ச் வெளிச்சத்தில் புதர்களையும் மதில் மேலும் பார்த்துவிட்டு, வாரில் பிடித்தபடி வாசல் அருகிலேயே முடித்துத் திரும்புங்கள். வெளியே கூண்டு கட்டுவதானால் நான்கு பக்கமும் கூரையும் இரும்புச் சட்டத்தில் கனமான வலையுடன் இருக்கட்டும். அதையும் பகலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்ச உணவுக் கிண்ணத்தை வெளியே விடாதீர்கள். காட்டுப்பன்றியும் கரடியும் அதைத் தேடி வரும். வாசலில் வளரும் புதரை வெட்டிவிடுங்கள். சிறுத்தை நடமாட்டம் தெரிந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். நாயைக் காப்பாற்ற நீங்கள் இருட்டில் பின்னால் ஓடாதீர்கள்.

பகலில் ஆபத்து காட்டெருமை. நாய் குரைத்துக்கொண்டே அதை நெருங்கும். அது திரும்பினால் நாய் ஓடிவந்து ஒளிவது உங்கள் காலடியில்தான். தூரத்தில் கண்டவுடன் வழியை மாற்றிக்கொள்ளுங்கள்.

8. நடையும் வாரும்

ஹஸ்கியை வெளியில் ஒருபோதும் வாரில்லாமல் விடாதீர்கள். எவ்வளவு பழக்கினாலும், ஓடும் எதையும் துரத்தும் குணம் அதற்கு உண்டு. கோழி, ஆடு, பூனை, மந்தையில் மேயும் எருமை எதுவும் அதற்கு ஒன்றுதான். பக்கத்து ஹட்டியில் (படுகர் ஊரில்) ஒரு கோழி செத்தால் நட்டஈடு சில நூறு ரூபாயோடு முடியலாம், கெட்ட பெயர் முடியாது. இழுக்கும் இனம் என்பதால் கழுத்துப்பட்டையைவிட மார்பைச் சுற்றிய ஹார்னஸ் நல்லது. வளர வளர மூன்று அளவு வாங்க வேண்டியிருக்கும். முதலில் விலை குறைந்ததே போதும்.

ஒரு வயது வரை செங்குத்தான படிக்கட்டுகளிலும் எஸ்டேட் குறுக்குப் பாதைகளிலும் ஓடவிடாதீர்கள். எலும்பு முற்றாத மூட்டுக்கு இறக்கம் கெடுதல். மாத வயதுக்கு ஐந்து நிமிடம் என்ற கணக்கில், நான்கு மாதக் குட்டிக்கு ஒரு நடை 20 நிமிடம், அப்படி நாளுக்கு இருமுறை. சமதளமாக எந்தச் சாலை கிடைக்கிறதோ அதில் நடங்கள்.

சரணாலயத்துக்கும் காப்புக்காட்டுக்கும் கொண்டுபோகாதீர்கள். அனுமதி இல்லை என்பது ஒரு காரணம். நம் நாய்களின் டிஸ்டெம்பர் செந்நாய்களுக்குத் தொற்றும் என்பது எனக்கு அதைவிடப் பெரிய காரணம். காய்கறித் தோட்டங்களின் ஓரம் கவனமாக நடங்கள்: மின்வேலி, பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பி, புதிதாக அடித்த பூச்சிமருந்து என எல்லாம் அங்கே உண்டு. அடிவாரப் பக்கம் போனால் பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காயும் (கடித்தால் வெடிக்கும் நாட்டு வெடி) உண்டு. கீழே கிடக்கும் எதையும் வாயில் எடுக்கக் கூடாது என்பதை முதல் பாடமாகப் பழக்குங்கள்.

9. உணவு

நான்கு மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, பிறகு இரண்டு. குட்டிகளுக்கான உலர் உணவோ, வேகவைத்த கோழியும் சோறும் காய்கறியுமோ, எது என்றாலும் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். உடலின் பருமனைப் பார்த்தால் ஹஸ்கி குறைவாகவே உண்ணும். தட்டில் மிச்சம் வைத்தால் பதறி நெய்யும் இறைச்சியும் சேர்க்க வேண்டாம். சுண்ணாம்புச் சத்து மருந்தை நீங்களாக வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம்.

நம் ஊருக்கென்றே உள்ள ஆபத்துகள்: வீட்டுத் தயாரிப்புச் சாக்லேட் (விருந்தினர் பையில் இருந்துதான் பெரும்பாலும் கிடைக்கும்), காபி, தேயிலைத் தூள், வெண்ணெய்ப் பழக் கொட்டை, பைன் மரத்தடிக் காளான், வேலியோரம் தலைகீழாகத் தொங்கும் நீண்ட பூக்களைக் கொண்ட ஊமத்தை இனச் செடி. எல்லா ஊருக்கும் பொதுவானவை வெங்காயம், பூண்டு, திராட்சை, பாராசிட்டமால் மாத்திரை.

10. செலவும் உரிமமும்

எனக்குத் தெரிந்த அளவில், உணவுக்கு மாதம் 3,000 முதல் 5,000 ரூபாய். உண்ணி, குடற்புழு மருந்துக்குச் சராசரியாக மாதம் ஐந்நூறு ரூபாய்க்கு மேல். முதல் ஆண்டு ஊசிகளுக்கும் மருத்துவருக்கும் 6,000 முதல் 8,000 ரூபாய். கருத்தடை அறுவை தனியாரிடம் 5,000 ரூபாயிலிருந்து. எந்த வயதில் செய்வது என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். சில மயக்க மருந்துகளில் ஹஸ்கிக்குக் கூடுதல் கவனம் தேவை என்பதால், ஹஸ்கிகளுக்கு அறுவை செய்து பழகியவரா என்றும் கேளுங்கள்.

உங்கள் நகராட்சி அல்லது பேரூராட்சி அலுவலகத்தில் செல்லப்பிராணி உரிமம் பற்றி விசாரித்துவிடுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று, உங்கள் ஆதார், நாயின் படம், வீட்டு வரி ரசீது ஆகியவற்றின் நகலை எடுத்துக்கொண்டே போனால் இரண்டாம் முறை அலைய வேண்டியிராது.

11. மலை இறங்க வேண்டி வந்தால்

எக்ஸ்ரே, அறுவை, இரவு நேர அவசரம் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் கோவைதான். இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கும் வாந்தியும் பார்வோவின் அறிகுறி. காலை வரை காத்திருக்கும் நோயில்லை அது. கோவையில் 24 மணி நேரமும் இயங்கும் இரண்டு மருத்துவமனைகளின் எண்களைக் குட்டி நலமாக இருக்கும்போதே எழுதி, ஒருமுறை அழைத்து இரவில் எடுக்கிறார்களா என்றும் பாருங்கள். கோத்தகிரிச் சாலையில் குஞ்சப்பனைப் பக்கம் இரவில் யானை நிற்கும். நின்று, விளக்கைத் தாழ்த்திக் காத்திருங்கள், ஒலி எழுப்பாதீர்கள். கூடலூர்க்காரர்கள் மைசூரு போவதானால் பந்திப்பூர்ச் சாலை இரவு 9 முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

மார்ச் முதல் மே வரை பகலில் கீழே இறங்காதீர்கள். மலைக் குளிருக்குப் பழகிய ஹஸ்கிக்கு மேட்டுப்பாளையத்தின் நண்பகல் உயிர் ஆபத்து. விடியும் முன் கிளம்பி, வண்டியில் ஏசி ஓட, எட்டு மணிக்குள் மருத்துவமனைக்குள் இருங்கள். மூச்சு வாங்குதல் நிற்காமல், எச்சில் கெட்டியாகி, ஈறு செக்கச்செவேலென்று ஆனால் வயிற்றிலும் தொடையிலும் சாதாரண நீரை ஊற்றிக் காற்றுப் படவைத்தபடி மருத்துவரிடம் போங்கள்.

நீங்கள் குடும்பத்தோடு வெளியூர் போக வேண்டியிருந்தால், குட்டியைப் பார்த்துக்கொள்பவரிடம் தடுப்பூசிப் புத்தகத்தின் நகல், மைக்ரோசிப் எண், மருத்துவரின் எண், “என் சார்பில் சிகிச்சைக்குச் சம்மதம் தரலாம்” என்று கையெழுத்திட்ட கடிதம், அவசரச் செலவுக்குக் கொஞ்சம் பணம் ஆகியவற்றைக் கொடுத்துவிட்டுப் போங்கள். மாலை எத்தனை மணிக்குக் கதவை அடைக்க வேண்டும் என்பதையும் அந்தக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.